பழனி அண்ணனின் ரத்தம், உங்கள் நோட்டு

காஞ்சிபுரம்
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஹனீஃபா மாமுவுக்கு, தங்கை மகன் இம்தியாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலும் குளுக்கோஸ் பாட்டிலும் நலமா?

நேரில் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். அதனால் கடிதம்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே வருடத்தில்தான் சர்க்கரை வந்தது. அம்மா மாதம் ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். இருபது நிமிடம். விரலில் ஒரு குத்து, மாத்திரை, வீடு. ஒருநாளும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. அதனால் அவளைப் பார்க்க ஒரு ஆப்பிள்கூட வந்ததில்லை. நீங்கள் இந்த வருடம் மூன்று முறை, முப்பத்தொரு நாள். ஊரே பழத்தோடு வந்தது. நோய்க்கு இதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டீர்கள்.

நீங்களும் போங்கள் என்றால், "சரிகைக் கடை மொதலாளி போயி லைன்ல நிக்கினு இருப்பானாடா?"

சரி. கரன்ட் பில் கட்டப் பழனி அண்ணன். ரேஷனுக்குப் பழனி அண்ணன். சர்க்கரைப் பரிசோதனைக்கும் உங்கள் பெயர் போட்ட நோட்டைக் கொடுத்து அவரையே அனுப்பினீர்கள். அவரோ தினமும் கூரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து உங்கள் கடையில் சரிகை எடை போடுகிறவர். நிலையத்து ஏஞ்சல் சிஸ்டர் வேலைக்குப் புதிது. அவரை நீங்கள் என்றே நம்பினார். "தங்கமான சுகர்பா உனக்கு!" டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். நீங்கள் அந்த நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போய் பிரெட் அல்வா சாப்பிட்டீர்கள். கால்விரல் கறுத்தது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"இந்த நோட்டு யாருதுங்க?"

"என்னுதுதான் சார்."

"இந்த சுகர்?"

"அது பழனிது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் விரலை எடுத்தார். இனியும் இப்படி என்றால் பாதம் என்றார். நீங்களோ பழனி அண்ணனைப் பார்த்து, "இன்னாபா, இப்டி கவுத்துட்டியே!"

நேற்று நானே நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி, உங்களுக்குப் புது நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கம் காலி. வீடு திரும்பியதும் நீங்களே போகவேண்டும். தன் உடம்புக்கு ஆள் வைக்கிறவன் முட்டாள். வயதில் மூத்தவர் என்பதால் மரியாதையாகச் சொல்கிறேன்: முட்டாள் அவர்களே.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் மீதி ஒன்பது கால்விரல்களையும் நிலைக்கச் செய்வானாக. அம்மா சலாம் சொன்னாள், ஆப்பிள் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
இம்தியாஸ்

பின்குறிப்பு: நேற்று ஏஞ்சல் சிஸ்டர் சும்மா இருக்காமல் என் கையிலும் பிரஷர் பட்டியைக் கட்டினார். நூற்று எழுபது. எனக்கும் ஒரு நோட்டு, மாதம் ஒரு புதன். புதன்கிழமை எனக்குக் கல்லூரியில் வகுப்புகள். வெயில் வேறு. பழனி அண்ணனின் முகம் சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கடைக்குச் சைக்கிளில் வருகிறவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா?