திங்கட்கிழமை மட்டும் பிசகும் பெட்டி

சங்கரன்கோவில்,
தை 5, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் பெத்துராஜ் அவர்களுக்கு, வெள்ளத்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை கோமதித்தாயும் தறிகளும் சுகம். குருவிகுளத்தில் தாங்களும் தங்கள் பள்ளிக்கூடமும் அப்படியே இருக்கக் கோமதியம்மன் துணை.

போன திங்களன்று தாங்கள் நம் தறிக்கூடத்துக்கு வந்திருந்தபோது, ஒரு மணிக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி இரண்டுக்கு அடித்ததும், "இந்தப் பெட்டி எம் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்" என்று தாங்கள் எழுந்து போனதும் என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. நம் மகள் பொன்செல்வி பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, நேரம் பார்த்துத் தானே மணி அடிக்கும்படி செய்த முதல் பெட்டி அது, தங்கள் பள்ளிதான் அவளுக்கு முதல் ஆர்டர், அன்றிலிருந்து பிள்ளை அரை வயிறுதான் சாப்பிடுகிறாள், எனக்கோ அந்தப் பெட்டி மற்ற நாளெல்லாம் யோக்கியமாக இருந்துவிட்டுத் திங்கட்கிழமை மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்று மண்டை குடைச்சல்.

"திங்கக்கெழம மட்டும் நீங்க என்னப்பா செய்திய?" என்று பொன்செல்வி கேட்டாள். தாங்கள் சொல்லித் தந்தபடிதான் செய்கிறேன், ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம், அது கழியட்டும் என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே நின்று ஒன்பது பிறக்கும் அதே நொடியில் பெட்டியைத் தொடங்கிவைக்கும் பச்சைப் பட்டனை அமுக்குவேன், மற்ற நாளில் எட்டுக்கு முன்னே பின்னே அமுக்குவேன் என்றேன். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டிக்குள் நகத்தளவில் ஒரு கடிகாரச் சிப்பு இருக்கிறது மச்சான். பட்டனை அமுக்கியதும் பெட்டி அதனிடம் முதலில் மணியைக் கேட்கும், ஒன்பதாக இன்னும் ஒரு இமைப்பொழுது இருப்பதால் அது எட்டு என்று சொல்லும், அதை எழுதிக்கொண்டு நிமிடத்தைக் கேட்பதற்குள் சிப்பு ஒன்பதுக்குத் தாண்டிவிடும், நிமிடம் பூஜ்யம் என்று சொல்லும், இரண்டையும் சேர்த்துப் பெட்டி இப்போது மணி எட்டு என்று முடிவு கட்டி, அன்று முழுவதும் அதிலிருந்தே எண்ணிக்கொண்டு ஒரு மணி நேரம் பிந்திப் போகும். சிப்பும் பொய் சொல்லவில்லை, பெட்டியும் பொய் சொல்லவில்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இப்படி ஒரு சந்து இருப்பது ஐம்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அவள் புதிதாக எழுதியிருக்கிற புரோகிராமில், சிப்பு எண்ணை மாற்றிக்கொண்டிருந்தால் பெட்டி கேட்காமல் பொறுத்திருக்கும். கண் இமைக்கிற நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பொறுமை. பிறகு இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றானால்தான் நம்பும். "சிப்பு பதிலே சொல்லலன்னா?" என்றேன். "அதுக்கும் ஒரு கெடு இருக்குப்பா. சும்மா காத்துக் கெடக்காது, செவப்பு வெளக்கப் போட்டு நம்மளக் கூப்புடும்" என்றாள். காப்பி ஆறும்வரை பொறுக்காத பிள்ளை இவள். இந்தப் பொறுமையை எங்கே படித்தாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை சரியாக ஒன்பதுக்கு அமுக்கினேன். ஒரு மணிக்கு மணி அடித்தது. தறி ஓட்டும் பேச்சிராஜ் தூக்குவாளியைத் திறந்துகொண்டே, "அண்ணாச்சி, திங்கக்கெழமயில இன்னைக்குத்தான் பசி பொறுக்குத நேரத்துல சோறு" என்றான். ஆகவே தாங்கள் மனம் இரங்கிப் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல நேரத்தை நொடி பிசகாமல் பார்க்கக் கற்றுத்தந்த தங்களுக்கு என்றும் கடமைப்பட்டவன், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெள்ளத்துரை

பி.கு.: கடிதத்தைத் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க அண்ணன் அரகொறயாச் சொல்லிட்டுப் போயிருக்கு. ராகு காலத்த பொழுது விடியுததுல இருந்துலா எண்ணணும்? ஆறுக்கு விடிஞ்சாத்தான் ஒம்பதோட கழியும், இங்கன இப்ப ஆறரைக்கு மேலதான விடியுது, ஒம்பதரை வரைக்கும் ராகு காலந்தான்" என்கிறாள். ஆக, நொடி பார்த்துப் பார்த்து ராகு காலத்துக்குள்ளேதான் அமுக்கி வந்திருக்கிறேன். தறி ஒன்றும் நின்றுவிடவில்லை. தாங்களும் எந்த நேரத்திலும் அமுக்கலாம். பொன்செல்வி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு இன்று மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.