அவஸ்தை பூசுதலும் ஒரு ஜோடி லீவரும்

மோட்டார் சைக்கிளுக்கு லீவர் வாங்கப் போய், அதைக் கையில் பிடித்தபடி கண்ணாடியில் முகம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் இப்படியெல்லாம் செய்தால் வெளியே சொல்லாமல் இருந்துவிடுவார்கள். என் விஷயத்தில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. ஓர் ஊரே பார்த்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் வேலை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று, நாலைந்து பேரிடம் அடிபட்டு, ஐம்பதுகளின் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. நிறுத்தி வைத்திருந்த இடத்தில் ஒருநாள் அது தானாகவே சாய்ந்து (நான் தள்ளவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறேன்) கிளட்ச் லீவர் முறிந்துபோனது. முறிந்தது ஒன்றுதான். ஆனால் மாற்றினால் கிளட்ச், பிரேக் இரண்டையும் ஜோடியாக மாற்றுவது என்று முடிவுகட்டி மதுரைக்கு பஸ் ஏறினேன்.

பழைய சாமான் கடைக்காரர் என் முன்னால் இரண்டு ஜோடிகளைப் போட்டார். ஒன்று என் வண்டியின் இனத்துக்கே உரியது. கறுத்த இரும்பு, பார்க்க அகப்பைக் காம்பு போல இருந்தது. மற்றது ஏதோ பந்தய வண்டியிலிருந்து கழற்றியதாம். வெள்ளிபோல் பளபளப்பு, நீண்ட வளைவு, நுனியில் கோலிக்குண்டு போல ஓர் உருண்டை.

"ஒடஞ்ச லீவரக் கொண்டாந்திருக்கீகளா தம்பி? அளவு பாக்கணும்ல."

"அளவெல்லாம் எனக்குத் தெரியும்ணே." (தெரியாது.)

"அப்பறமென்ன? ரெண்டும் லீவர்தேன். ஒங்களுக்கு எது எடுப்பா இருக்குன்னு பாருங்க" என்று சொல்லி, வளையல் கடைக்காரர் மாதிரி ஒரு கண்ணாடியை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் பளபளப்பான ஜோடியை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, இல்லாத வண்டியில் உட்கார்ந்து, இல்லாத காற்றுக்குக் கண்ணைச் சுருக்கினேன். கண்ணாடியில் ஒரு மகாராஜா தெரிந்தான். வாங்கிவிட்டேன்.

மாட்டிய அன்றே தெரிந்துவிட்டது. கிளட்ச் லீவரைக் கைப்பிடியோடு ஒட்டும்வரை இழுத்தாலும் கேபிள் பாதிதான் நகரும், அதனால் கிளட்ச் முழுதாக விடுபடாது. பிரேக் லீவரும் அப்படித்தான், அழுத்தினால் சக்கரத்தைத் தடவிக்கொடுக்கும். கால் பிரேக் முன்பிருந்தே பேருக்குத்தான் இருந்தது. இதற்கெல்லாம் சிகரமாக, இன்ஜினை நிறுத்துவதற்கென்று இடது கைப்பிடியில் ஒரு குட்டி லீவர் உண்டு. அது என் புதிய லீவரின் அழகை மறைக்கிறது என்று அதையும் கழற்றி வீட்டுப் பரணில் போட்டிருந்தேன்.

பிறகு எப்படி நிறுத்தினேன் என்று கேட்பீர்கள். எங்கள் தெருமுனையில் ஒரு கருங்கல் சுவர் இருந்தது. அதில் முன்சக்கரத்தை மெல்ல முட்டுவேன், இன்ஜின் அணைந்துவிடும். பார்க்கிறவர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரம். கோயில் மதிலில் முட்டி நிறுத்திய வண்டியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு, பெண்கள் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தேன். ஆத்தூருக்கு அப்பாலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவனுடைய அப்பா சூசை, படுத்த படுக்கையாக இருந்தவர், கண்ணை மூடப் போகிறாராம். சாமியார் உடனே வந்து அவஸ்தை பூச வேண்டும். (சாகக் கிடக்கும் கத்தோலிக்கருக்குச் சாமியார் மந்திரித்த எண்ணெய் பூசி ஜெபிப்பதற்கு எங்களிடையே அதுதான் பெயர். அன்றைக்கு அது யாருக்குப் பொருந்தியது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.)

பங்குச் சாமியார் கனத்த சரீரி, நீண்ட தாடிக்காரர். மாட்டுவண்டி பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டி போய்ச் சேருறதுக்குள்ள நேரமாயிரும் சாமி. நான் கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றேன். பெண்கள் வாசல் பக்கம் கேட்கும்படி சொன்னேன்.

"பத்திரமா ஓட்டுவியா அந்தோணி?"

"நீங்க சும்மா ஒக்காருங்க சாமி."

ஓட்டினேன் என்பதில் குறையில்லை. நெடுஞ்சாலையில் நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. சாமியார் ஒரு கையால் என் தோளையும், மறுகையால் எண்ணெய்ச் சிமிழையும் பிடித்துக்கொண்டு லத்தீனில் ஜெபித்தபடி வந்தார். ஊருக்குள் நுழைந்ததும்தான் முட்டுவதற்குச் சுவர் தேடினேன். கருங்கல் சுவர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மண் சுவரும் கூரையும். முட்டினால் வண்டி நிற்காது, வீடு விழும்.

சூசையின் வீட்டு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. எங்களைக் கண்டதும் எல்லாரும் கைகூப்பி எழுந்து நின்றார்கள். நான் லீவர்கள் இரண்டையும் உயிரைக் கொடுத்து அழுத்தினேன். கூப்பிய கைகளைக் கடந்து வண்டி ஓட்டநடை வேகத்தில் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"வீடு அதுதானப்பா!" என்றார் சாமியார்.

"ஆமா சாமி. திருப்பிக்கிட்டு வந்துருவோம்."

வீட்டைச் சுற்றி ஒரு பாதை இருந்தது. சுற்றி வந்தோம். மறுபடியும் கைகூப்பினார்கள். மறுபடியும் கடந்தோம். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள்.

"என்னய்யா இது, சாமியாரு மந்திரிச்சுக்கிட்டே சுத்துறாரா?" என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

"நிறுத்துடா!"

"நிக்க மாட்டேங்குது சாமி!"

சாமியார் என் தோளை இறுக்கிய இறுக்கில் வேறு பேச்சே தேவைப்படவில்லை. அவர் குதிக்கக்கூடிய தேகமில்லை; கையில் எண்ணெய் வேறு. அடுத்த சுற்றில் இளவட்டங்கள் சிலர் கூடவே ஓடிவந்து பின்பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். சாமியாரின் அங்கிதான் கிழிந்தது.

அதற்கடுத்த முறை நான் கண்ட காட்சியை என் ஆயுசுக்கும் மறக்க முடியாது. பெரியவரின் மூச்சு நிற்பதற்குள் வேலை முடிய வேண்டுமே என்று, அவரைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கி வந்து வாசலில் வைத்திருந்தார்கள். போகிற போக்கிலாவது சாமியார் ஆசீர்வதித்துவிடட்டும் என்ற நல்லெண்ணம். சாமியாரும் வேறு வழியின்றிச் சிலுவை அடையாளம் போட்டபடியே கடந்தார். ஜெபத்தில் பாதியை வாசலிலும் மீதியைக் கொல்லைப்புறத்திலுமாகச் சொன்னார்.

சூசை தலையணையில் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் போவதைப் பார்த்தார். மறுபடி வருவதைப் பார்த்தார். பல் இல்லாத வாயைத் திறந்து, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். சாகப் போகிற மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துக் களத்தில் இருந்த கடலைக்கொடிப் போருக்குள் வண்டியை விட்டேன். புதைந்து, உறுமி, ஒருவழியாக அணைந்தது. சாமியார் தாடியெல்லாம் கடலைக்கொடியோடு எழுந்தார். சிமிழ் மட்டும் பத்திரமாக இருந்தது. கிழிந்த அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டிலருகே முழங்காலிட்டு, நிதானமாக அவஸ்தை பூசினார். நான் போருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

சாமியார் மாட்டுவண்டியில் திரும்பினார். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். ஒரு திருப்பத்தில் என்னைப் பார்த்து, "அந்தோணி, அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துரு" என்றார். போனேன். என் பாவத்தைச் சொல்லி முடித்ததும் திரைக்கு அந்தப் பக்கம் சாமியாரிடமிருந்து இருமல் போல ஏதோ நெடுநேரம் கேட்டது. அபராதமாக ஜெபம் எதுவும் கொடுக்கவில்லை. "அந்த வண்டிக்குன்னு உள்ள லீவர வாங்கி மாட்டு, போ" என்றார்.

அந்த வாரமே சூசை இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் ஒளிந்து நின்றேன். அவருடைய மருமகள் தேடிக்கொண்டு வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

"மாமா அம்புட்டு வலியில கெடந்தாக. கடைசியாச் சிரிச்சது ஒங்களப் பாத்துத்தேன் தம்பி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அவ்வளவு மென்மையானவர்கள் அல்ல. பழனிக்குப் போய்வந்து பழகியவர்கள், நான் வீட்டை வலம் வந்ததற்குச் சரியான பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மண்டியில், சந்தையில், பஸ் ஸ்டாண்டில் எல்லாம் அன்றிலிருந்து நான் 'கிரிவலம் அந்தோணி'. நாளடைவில் பின்பாதி உதிர்ந்து வெறும் 'கிரிவலம்' ஆனது. என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் விலாசம் விசாரித்தபோதும், "கிரிவலம் வீடா? நேராப் போங்க" என்றுதான் வழிகாட்டியிருக்கிறார்கள்.

கோயிலில் மாலை மாற்றி, ஆசீர்வாதம் வாங்கி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"ஏங்க, கிரிவலம் சுத்திக்கிட்டிருந்த நீங்க எப்ப கிறிஸ்துவ வேதத்துக்கு வந்தீக?"

அந்தக் கேள்வியைப் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள்.