சூரியனுக்கு முதுகு காட்டிய மாளிகை

நோர்த்மீட், சிட்னி
20.07.1997

பேரன்புள்ள மச்சான் நித்தியானந்தன் அவர்களுக்கு,

ரொறன்ரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மகள் வைதேகி சுகம். உங்கள் தங்கை வேதவல்லியும் சுகம். அளவுக்கு மிஞ்சிய சுகம்.

நான் ஆஷ்கோம் பண்ணை மாளிகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாத வழிகாட்டியாக இருப்பது உங்களுக்குத் தெரியும். சரித்திரம் படிப்பித்தே தலை நரைத்தவனை இந்த நாட்டில் வாய் திறக்க விட்ட ஒரே இடம் அது. வீட்டில் தொடங்கினால் வைதேகி “அப்பா, லேற்றர்” என்று காரை எடுத்துவிடுவாள். அங்கேயோ சனம் ரிக்கற் வாங்கிக்கொண்டு கேட்கிறது.

கப்டன் பென்ரோஸ் என்ற இங்கிலீசுக்காரர் ஆடு, குதிரை, ஓக் மரக்கன்றுகளோடு வந்திறங்கி முதலில் மரத்தால் ஒரு வீடு கட்டினார். அதைக் கறையான் தின்றது. பிறகு மனைவி வருகிறா என்று, இங்கிலாந்தில் தான் பிறந்த மாளிகையின் வரைபடத்தை எடுப்பித்து, ஒரு கல்லும் பிசகாமல் இரண்டாவது வீட்டைக் கட்டினார். அங்கே வெயில் தெற்கிலிருந்து வருவதால் பெரிய யன்னல்கள் எல்லாம் தெற்கு நோக்கியவை. இங்கே வெயில் வடக்கிலிருந்து வரும் என்பதை மனுசன் யோசிக்கவேயில்லை. மாளிகை முழுக்க இருட்டு, குளிர். அம்மையார் ஒரு குளிர்காலம் பொறுத்தா. அடுத்ததுக்குக் கட்டிலைத் தூக்குவித்துக்கொண்டு பின்வளவில் வெயில் விழும் சமையல் குசினிக்குப் போய்விட்டா. குசினியைச் சுற்றி அறை அறையாக வளர்ந்ததுதான் மூன்றாவது வீடு. கப்டன் மட்டும் முன்னுக்குக் கம்பளி போர்த்துக்கொண்டு தனியே சாப்பிடுவதை நான் நடித்துக் காட்டினால் சனம் கை தட்டும்.

போன ஞாயிறு கை தட்டாமல் ஒரு கிழவி நின்றா. “நீர் கோமாளியாக்கியது என்னுடைய பூட்டனை” என்றா. இங்கிலாந்திலிருந்து வந்த மிஸ் பென்ரோஸ்! மாளிகையின் கட்டில், மேசை, கதிரைத் தளபாடம் அவ்வளவும் அவவின் குடும்பம் இரவல் தந்தது. நான் மன்னிப்புக் கேட்காவிட்டால் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிவிடுவதாக நிர்வாகத் தலைவரிடம் சொல்லிவிட்டா. தளபாடம் போனால் மாளிகையைப் பூட்டவேண்டியதுதான் என்று தலைவர் என்னைக் கெஞ்சினார். பூட்டினால் நான் எங்கே போய்க் கதைப்பது? ஆனாலும் மச்சான், சூரியன் வடக்கில் நிற்பதற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது?

சமாதானத்துக்காக இன்று முன் மாளிகையில் அவவுக்கு மதிய விருந்து. உங்கள் தங்கை ரோல்ஸ் செய்துகொண்டு வந்து பின் குசினியில் சூடாக்கினா. முன்னுக்கு நானும் தலைவரும் மிஸ் பென்ரோசும் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். மிஸ் பென்ரோஸ் கோட்டைக் கழற்றவுமில்லை, குளிர் என்று ஒப்புக்கொள்ளவுமில்லை. தட்டோடு வந்த உங்கள் தங்கை அவவின் கையைத் தொட்டுப் பார்த்தா.

“ஐயோ, ஐஸ்! கமோன் அன்ரி, எழும்புங்கோ. வெயில் எல்லாம் பின்னுக்கல்லோ நிக்குது!”

இழுத்துக்கொண்டே போய்விட்டா. கிழவியும் போகுது!

குசினி வெயிலில் இருந்து ரோல்ஸைக் கடித்தபடி மிஸ் பென்ரோஸ் என்னிடம் சொன்னது இதுதான்: “அவர் முட்டாள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சொல்லலாம். நீர் எப்படிச் சொல்வீர்?”

எங்கட அப்பு சொந்தக் காசில் பக்கத்து வீட்டான் காணிக்குள் கிணறு வெட்டுவித்த கதையை ஊரான் நடித்துக் காட்டினால் நான் விடுவேனோ? அந்தக் கம்பளி நடிப்புக்காக மனதார மன்னிப்புக் கேட்டேன். தளபாடம் இனி அசையாது. ஆகவே, ஆஷ்கோமைக் காப்பாற்றியவன் உங்கள் மச்சான்தான் என்று அங்குள்ள எங்கட ஆட்களுக்குத் தயங்காமல் சொல்லுங்கள்.

இங்குள்ள மேய்ஸ் ஹில் கோயில் முருகன் உங்கள் எல்லோரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மறவாத
ஆனந்தராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் தலைவர் ரெலிபோன் எடுத்தார். மிஸ் பென்ரோஸ் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாவாம்: இனி அந்தக் கதையை வேதவல்லிதான் சொல்லவேணும். “எனக்கு இங்கிலீஷ் காணாது” என்று உங்கள் தங்கை மறுப்பா என்று பார்த்தேன். “ஓம், வாறன்” என்றுவிட்டா. இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறா. என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. காப்பாற்றியவன் நான்தான் என்று மேலே எழுதியதை ஒருவருக்கும் வாசித்துக் காட்டவேண்டாம். வாசலில் ரிக்கற் கிழிக்க ஆள் தேவையாம். நான் ஓம் என்றுவிட்டேன்.