கோபத்துக்கு அட்வான்ஸாக ஒரு மாத்திரை

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளின் பொய்களைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் நான். "நோட்டை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் டீச்சர்" என்று ஒருவன் வாயைத் திறக்கும்போதே, அவன் வீட்டில் நோட்டே கிடையாது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு டாக்டரிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். அதற்குக் கிடைத்த தண்டனை: கிள்ளான் நகரில் ஒரு கல்யாண மண்டப ஆபீஸில், நல்ல புடவையோடு, இரண்டு கால்களும் நாற்காலிமேல் இருக்க, மல்லாந்து கிடந்தேன்.

எனக்கு இரத்த அழுத்தம். (வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.) அரசாங்க கிளினிக்கில் வெள்ளை மாத்திரை கொடுத்து, தினமும் காலையில் ஒன்று என்று சொல்லியிருந்தார்கள். தலை வலித்தால் போடுவேன். நன்றாக இருக்கிற நாளில் அதை எதற்கு வீணாக்குவது என்று விட்டுவிடுவேன். மகள் கவிதாவின் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் வாங்கிவர பிரிக்பீல்ட்ஸ் போன அன்று தலைவலி மண்டையைப் பிளந்தது. பக்கத்திலிருந்த தனியார் கிளினிக்கில் நுழைந்தேன். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அளந்தார்.

"ஏற்கெனவே பிரஷர் மருந்து எடுக்கிறீங்களா?"

"இல்லை டாக்டர்."

இருக்கிறது, ஆனால் போடுவதில்லை என்று சொன்னால் திட்டுவாரே! பாவம், நம்பிவிட்டார். இளஞ்சிவப்பில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெயர் வேறு, நிறம் வேறு, அட்டைகூடப் பளபளப்பு.

வீட்டுக்கு வந்ததும் மனச்சாட்சி குத்தியது. இனிமேல் ஒழுங்கு என்று முடிவு செய்து, வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, ஒரு நாள் தவறாமல் போட்டேன். அதுவரை என் வாழ்க்கையில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டது அந்த ஒரு வாரம்தான். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருக்கும்போது மண்டப மேனேஜர் குணாவிடமிருந்து போன். எங்களுக்குக் கொடுத்த சனிக்கிழமையையே ஏதோ கம்பெனி விருந்துக்கும் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்களாம். "செவ்வாய்க்கிழமை காலியா இருக்கு ஆன்டி" என்றான், ஏதோ பரிசு கொடுக்கிற குரலில்.

என் கணவர் சேகர், ராங் நம்பர் வந்தால்கூட மன்னிப்புக் கேட்கிறவர். "நீயே வந்து பேசும்மா. உன் தொண்டைக்கு முன்னால அவன் நிக்க மாட்டான்" என்றார்.

அன்று சரியான கோபம் வரப்போகிறது, பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று கணக்குப் போட்டேன். அதனால் காலையில் போட்ட இரண்டு போதாதென்று, புறப்படும்போது அட்வான்ஸாக இன்னொரு சிவப்பு மாத்திரையையும் விழுங்கினேன். (இதை ஒரு பட்டதாரி ஆசிரியை யோசித்துச் செய்தாள் என்பதைக் கவனிக்கவும்.) சுங்கை பூலோவில் எங்கள் வீட்டிலிருந்து கிள்ளான் போய்ச் சேரும்வரை காரில் ஒத்திகை. "பத்திரிகை குடுத்த எண்ணூறு வீட்டுக்கும் நீ வந்து பதில் சொல்றியா தம்பி?" என்ற இடத்தில் சேகரே பயந்து பிரேக் போட்டார்.

ஆபீஸில் தாழ்வான சோபா. எதிரே சாப்பாட்டு மேசை அலங்காரத்துக்கு மாதிரி வைத்திருந்தார்கள். மேசை விரிப்பு, தட்டுகள், பிளாஸ்டிக் ரோஜா. குணா டையைச் சரிசெய்துகொண்டு ஏதோ விளக்கினான். ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்தேன்.

அறை மெதுவாகச் சாய்ந்தது. என் வாயிலிருந்து யாருடையதோ ஒரு குரல் வந்தது:

"பரவாயில்லை தம்பி. செவ்வாய்க்கிழமையும் நல்ல நாள்தான்."

சேகருக்கு அப்போதுதான் உயிர் போனதாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் யாரிடமும் பரவாயில்லை என்று சொன்னதில்லையாம்.

பிடித்துக்கொள்ள மேசை விரிப்புதான் கைக்குக் கிடைத்தது. அதோடு, தட்டுகளோடு, ரோஜாவோடு தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"ஐயோ ஆன்டி! சனிக்கிழமை உங்களுக்குத்தான் லா! கம்பெனிக்காரங்களை வேற ஹாலுக்கு மாத்திடறேன்! எழுந்திருங்க ஆன்டி!"

காது நன்றாகக் கேட்டது. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சேகர் என் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், பிறகு அதே சாதுவான குரலில் சொன்னார்: "பாஸ், வண்டி வர்றதுக்குள்ள அதைக் கொஞ்சம் எழுதிக் குடுத்துடுங்க." குணா அங்கேயே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் கையில் டிரிப் ஏற்றினார்கள். மருந்தாளர் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கைப்பையிலிருந்த இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"டீச்சர், பெரிய எழுத்துல இருக்கறது கம்பெனி வச்ச பேரு. கீழே சின்ன எழுத்துல இருக்கு பாருங்க, அதுதான் மருந்து. ரெண்டும் ஒரே மருந்து."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரே மருந்துதான்.

"இன்னைக்கு எத்தனை போட்டீங்க?"

"மூணு."

"மூணாவது எதுக்கு?"

"கோபப்பட வேண்டியிருந்துச்சு."

நோட்டு கொண்டுவராத பையனை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தாள். "டாக்டர் சொன்ன அளவு, தினமும் ஒரே நேரத்துல. கோபம் வந்தாலும் கூட்டக்கூடாது. நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டா சேர்த்துப் போடக்கூடாது. எந்த டாக்டரைப் பார்த்தாலும் எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய்க் காட்டணும். எங்கே, திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். மறுநாள் விஷயத்தில் தடுமாறினேன். முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவர் தமிழ் தெரியாமலே சிரித்தார்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வகை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்யாணம் அதே சனிக்கிழமை, அதே மண்டபத்தில் நடந்தது. ஆனால் குணாவுக்குப் பயம் தெளியவில்லை. நான் மேடைக்குப் போனால் அவனும் வந்தான், சாப்பாட்டுப் பந்திக்குப் போனால் அங்கேயும் வந்தான், ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் ஒரு டம்ளர் இனிப்பு சிராப் தண்ணி. "மெதுவா எழுந்திருங்க ஆன்டி, மெதுவா" என்று காதில் மந்திரம் வேறு. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை இல்லாத படம்கூட இருக்கிறது, குணா இல்லாத படம் கிடையாது.

அம்பாங்கிலிருக்கும் சம்பந்தியம்மா அவனை என் அண்ணன் மகன் என்றே முடிவு கட்டிவிட்டார். "இந்தக் காலத்துல அத்தையை இப்படித் தாங்குற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்!" என்று உருகினார். உண்மையைச் சொன்னால் மாத்திரைக் கதையையும் சொல்ல வேண்டும். அதனால் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சம்பந்தி வீட்டிலிருந்து அவனுக்கென்று தனியாக ஒரு டின் முறுக்கு வருகிறது. அவனும் ஒரு வருடம் தவறாமல் வீட்டுக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போகிறான். இந்த வருடம் வாசலிலிருந்தே "அத்தை!" என்று கூப்பிட்டான்.