வாட்ச்மேன் கொடுத்த காண்டக்ட் சர்டிபிகேட்

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் முனுசாமி அண்ணன்கிட்ட போய், என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லச் சொல்லணும்.

காரணம், கல்யாண புரோக்கர் போன். "தம்பி, பொண்ணோட அப்பா கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்றார். உங்க வீட்டுக்கு வரமாட்டார். கேட்லயே விசாரிச்சுட்டுப் போயிடுவார்."

எனக்கு முப்பத்தஞ்சு வயசு. இது பதினோராவது ஜாதகம். இதுவும் போச்சுன்னா புரோக்கரே என் நம்பரை பிளாக் பண்ணிடுவார்!

கீழே போனேன். "அண்ணே, யாராவது விசாரிச்சா குடி கிடையாது, சிகரெட் கிடையாதுன்னு சொல்லுங்க."

"உண்மைதானே சார், சொல்லிடறேன்."

"மாசாமாசம் கிரிவலம் போவார்னு..."

அண்ணன் முகம் மாறிடுச்சு. "போன பௌர்ணமிக்கு மொட்டை மாடியில நின்னு, வேங்கிக்கால் வரைக்கும் டிராஃபிக்னு திட்டிக்கிட்டு இருந்தீங்களே சார்?"

"சரி, அதை விட்டுடுங்க."

இதோட வாயை மூடியிருக்கலாம். "யார் கேட்டாலும் சொல்லுங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை ஜாஸ்தியா பேசிட்டேன்.

மறுநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர், என் வீடு எந்தப் பக்கம்னு கேட்டிருக்கார். அண்ணன் முழு விவரமும் சொல்லி அனுப்பியிருக்கார்! அந்த மனுஷன் சிலிண்டரை இறக்கி வெச்சுட்டு என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்க சார், அமையும்."

சிரிக்காதீங்க. இன்னும் இருக்கு.

புதன்கிழமை பொண்ணோட அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில மஞ்சப் பை. நான் பால்கனியில காயப்போட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு பார்த்தேன்.

அண்ணன் தன்னோட சேரைக் கொடுத்து அவரை உட்கார வெச்சார். குடிக்கத் தண்ணி கொடுத்தார். அரை மணி நேரம் பேச்சு! நடுவுல சிரிப்பு வேற! நான் மனசுக்குள்ள மண்டபமே புக் பண்ணிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு புரோக்கர் கூப்பிட்டார். "அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு தம்பி."

"என்னையா?"

"வாட்ச்மேனை! இவ்வளவு தன்மையா பேசறவர் வீட்டுக்குப் பொண்ணு போனா நிம்மதியா இருக்கும்ங்கறார். அந்த வாட்ச்மேனுக்கு ஒரு பையனாமே, தாலுகா ஆபீஸ்ல வேலையாமே? அங்கயே பேசி முடிச்சிடலாம்னு இருக்கார்."

விறுவிறுன்னு கீழே இறங்கினேன். அண்ணன் எழுந்து நின்னுட்டார்.

"உங்களப் பத்தி ஒண்ணு விடாம சொன்னேன் சார். எல்லாம் கேட்டுட்டு, 'சரி, உங்க வீட்டுல எப்படி?'ன்னாரு. பெரிய மனுஷன் கேட்டா பதில் சொல்லாம இருக்க முடியுமா சார்?" அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

சண்டை போடத்தான் இறங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமா போச்சு. "நல்ல இடம்ணே, விடாதீங்க"ன்னு நானே சொல்லிட்டு மேல வந்துட்டேன்.

அடுத்த வாரம் கல்யாணம். அண்ணன் நாலு நாள் லீவு. அந்த நாலு நாளும் கேட்டைப் பார்த்துக்க அசோசியேஷன்ல என்னைப் போட்டிருக்காங்க. பொண்டாட்டி, புள்ளைன்னு எந்தத் தொந்தரவும் இல்லாத ஆள் நான் ஒருத்தன்தானாம்.