கழுவக் கழுவ டீசல்

தீயணைப்பு வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரும்போது இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை இருமத் தெம்பில்லாமல் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது.

டிரைவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். இறங்கிப்போய் வண்டியின் மூக்கைத் தட்டிக் கொடுத்துப் பார்த்தார். அவர் தட்டியும் கிளம்பாத வண்டி வேறு யார் தட்டினாலும் கிளம்பாது என்பது அந்த நிலையத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். வண்டி கிளம்பவில்லை.

வேறொரு நாளாயிருந்தால் பாதகமில்லை. அன்று சாயங்காலம் மண்டல அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். நிலையத்தில் அவரைப் பெரியவர் என்பார்கள். பெரியவர் வந்து, வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி, முற்றத்தில் நெருப்பு மூட்டி அணைத்துக் காட்டச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டு, இந்த நிலையம் இப்படியே இருக்கலாமா, பக்கத்து ஊர் நிலையத்தோடு சேர்த்துவிடலாமா என்று எழுதிக் கொடுப்பார்.

சேர்த்துவிட்டால் டிரைவருக்கு அந்த ஊருக்கு மாற்றல். அந்த ஊரில்தான் அவருடைய மாமனார் இருந்தார். மாமனார் கெட்டவர் இல்லை. பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை, எப்ப ஆபீசர் ஆகப் போறீங்க?" என்று கேட்பார், அவ்வளவுதான். எப்போதாவது ஒரு தடவை கேட்டால் சிரித்து மழுப்பிவிடலாம். தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் வாசலில் நின்று கேட்டால் எத்தனை நாள் சிரிப்பது? மனைவிக்கோ அப்பா பக்கத்தில் போய் இருப்பதில் ஆட்சேபணையே இல்லை. பெரியவர் என்ன எழுத நினைக்கிறாரோ அதைத்தான் எழுதுவார், நீங்கள் அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று காலையில் சாப்பாட்டுப் பையைக் கொடுக்கும்போது சொன்னாள். அந்தக் குரலில் கவலையைவிட நம்பிக்கை அதிகமாக இருந்ததை டிரைவர் கவனித்தார்.

வண்டியின் பக்கவாட்டில், பின்சக்கரத்துக்கு முன்னால், சின்ன மூடி போட்ட டீசல் டேங்க் இருந்தது. டிரைவர் அதன் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஒழுகியதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாட்டில் முழுக்கத் தண்ணீர். மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக டீசல்.

முந்தின நாள் அவருக்கு வார விடுப்பு. பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து மாற்று டிரைவர் ஒருவர் வந்து பார்த்துக்கொண்டார். நல்ல பொறுப்பான ஆள். டீசல், தண்ணீர் இரண்டையும் ரொப்பிவிட்டேன், அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஷெட்டில் போய்ப் பார்த்தால் டீசல் பேரல் காலி. டிரைவர் கணக்குப் போட்டார். பேரலில் இருந்தது டேங்குக்குப் போயிருக்கிறது. டேங்கில் இருப்பது தண்ணீர். அப்படியானால் பேரலில் வந்ததே தண்ணீர்தான்.

"டீசல்காரன் நம்ம தலையில தண்ணியக் கட்டிட்டான் சார்" என்றார் நிலைய அதிகாரியிடம்.

நிலைய அதிகாரிக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். முறைப்படி டீசல் வியாபாரிக்குப் போன் போட்டு முறைப்படி கோபப்பட்டார். வியாபாரி முதலில் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அப்புறம் மனைவி மேல். மாமியார் மேல் சத்தியம் செய்ய ஆரம்பித்தபோது, அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று நிலைய அதிகாரிக்கு உறுதியாகிவிட்டது. மாற்று டிரைவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமென்றால் அவருடைய போன் அணைந்து கிடந்தது. ராத்திரி முழுக்க வேலை பார்த்த மனுஷன், தூங்குவார்.

டேங்கைக் கழற்றிக் கழுவுவது என்று முடிவாயிற்று. அதுவரை நெருப்பு ஏதும் பிடித்தால் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து ஊர் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. அவர்கள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததாக நிலைய அதிகாரி சொன்னார்.

இந்த மாதிரி வேலையில் டிரைவர் கறார். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். எல்லோருடைய போனையும் வாங்கி ஆபீஸ் ஜன்னலில் வைத்தார். பீடியோ சிகரெட்டோ கேட்டுக்குள் வரக்கூடாது என்றார். மண் வாளிகளை வரிசையாக வைத்தார். டேங்கில் இருந்ததைக் காலிப் பேரலிலேயே வடித்து மூடினார். சாக்கடையில் ஒரு சொட்டு விடக்கூடாது என்றார். பிறகு டேங்கை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தால், அடியில் பழைய சேறு கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது.

அதைச் சுரண்டும் பொறுப்பு பயில்வானுக்கு. பயில்வான் என்பது தீயணைப்பு வீரர்களில் ஒருவருக்கு நிலையத்தில் வைத்த பெயர். வேலைக்கு அஞ்ச மாட்டார். வேலைதான் அவரைக் கண்டால் அஞ்ச வேண்டும். மரக்குச்சியால்தான் சுரண்ட வேண்டும், இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் ஜன்னலில் போன் அடித்தது.

மனைவி. ஆய்வு முடிந்துவிட்டதா என்று கேட்டாள். பெரியவர் இன்னும் வரவே இல்லை என்றார். சும்மாதான் கேட்டேன் என்றவள், போகிற போக்கில், அப்பா வீட்டுக்கு எதிர்வீட்டு மாடி காலியாகிறதாம் என்றும் சொன்னாள். டிரைவர் போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மரக்குச்சி இரண்டு துண்டாகக் கிடந்தது. பயில்வான் கையில் கடப்பாரை இருந்தது.

"அண்ணே, சேறு சுத்தமா வந்துடுச்சு" என்றார் பயில்வான். "கூடவே கொஞ்சம் தகரமும் வந்துடுச்சு."

டேங்கின் அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக முற்றத்துத் தரை நன்றாகத் தெரிந்தது.

வெல்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, டேங்கைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, மறுபடி டேங்கைப் பார்த்தார். சைக்கிளிலிருந்து வெல்டிங் சாமானை இறக்கவில்லை.

"டீசல் டேங்க்ல பத்தவைக்கணும்னா ஃபயர் வண்டி பக்கத்துல நிக்கணும் சார். போன மாசம் நீங்கதான் எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க."

"நிக்குதே" என்று நிலைய அதிகாரி கையைக் காட்டினார்.

"அது ஓடுமா?"

"அத ஓட வைக்கத்தானய்யா உன்னக் கூப்பிட்டிருக்கோம்."

வெல்டர் சற்று யோசித்தார். வகுப்பில் சொன்ன இன்னொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்தது. டேங்கைச் சோப்புப் போட்டு, வாடையே இல்லாமல் கழுவ வேண்டும், அப்புறம் ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்ப வேண்டும், அதற்கப்புறம்தான் தீ. முதலில் கழுவுங்கள், மோந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அதை நம்பிக் கழுவினால் பெரியவர் ஓய்வு பெற்றுவிடுவார். நிலைய அதிகாரிக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. வண்டியின் முதுகில் குளம் மாதிரி தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, நேற்றுத்தான் ரொப்பியிருக்கிறது, சும்மா கிடப்பதை எடுத்தால் என்ன? தொட்டியின் அடிவால்வில் குழாயை மாட்டினார்கள். தண்ணீர் ஜோராகக் கொட்டியது.

சோப்புத் தூளைக் கொட்டி, கல்லைப் போட்டுக் குலுக்கி, கவிழ்த்து, ஒரு தடவை கழுவினார்கள். வெல்டர் எழுந்து வந்து மோந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மரத்தடிக்குப் போனார். இன்னொரு தடவை கழுவினார்கள். வெல்டர் வந்தார், மோந்தார், போனார். மறுபடியும் கழுவினார்கள். இந்தத் தடவை வெல்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் மோந்து பார்த்தார்.

"சார், முதல்ல விட இப்ப வாடை ஜாஸ்தியா இருக்கு."

அப்படி இருக்க முடியாது என்றார் நிலைய அதிகாரி. ஆனால் கழுவிய தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கழுவலில் அது அவ்வளவு இல்லை என்று டிரைவருக்கும் பட்டது. துருவின் இடுக்குகளில் டீசல் ஊறிக் கிடக்கும், கழுவக் கழுவ வெளியே வருகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். சொல்லும்போது அது அவருக்கே நியாயமாகத்தான் இருந்தது.

வெந்நீர் என்றால் இடுக்கிலிருப்பதும் கழன்று வந்துவிடும் என்றார் பயில்வான். சமையலறையிலிருந்து பெரிய குண்டானை எடுத்து, வண்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சமையல்காரர் வெளியே வந்தார். குண்டானிலிருந்து டீசல் வாடை வருகிறது, அந்த அடுப்பை அணைத்துவிட்டேன், இனி அதில் நான் சாம்பாரும் வைக்க முடியாது ரசமும் வைக்க முடியாது என்று கோபப்பட்டார். எல்லோரும் பயில்வானின் கையைப் பார்த்தார்கள். பயில்வானும் தன் கையை மோந்து பார்த்தார். அவருக்கும் டீசல் வாடைதான் அடித்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கழுவிய தண்ணீரையும் டிரைவர் சாக்கடையில் விட ஒப்புக்கொள்ளவில்லை. கழிவு எண்ணெய் எடுக்கிறவர் மறுநாள்தான் வருவார். அதனால் டிரம், வாளி, அண்டா, சமையல்காரரின் குண்டான் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் அவை கல்யாண வீட்டுப் பாத்திரங்கள் மாதிரி பரப்பிக் கிடந்தன. பெரியவர் கண்ணில் படாமலிருக்க நிலைய அதிகாரி தார்ப்பாயைப் போட்டு மூடினார். தார்ப்பாய் போதாமல் படுக்கை விரிப்புகளும் போயின.

வெல்டர் கடைசியாக ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"நான் வாழ்க்கையில எத்தனையோ டேங்க் பாத்திருக்கேன் சார். கழுவக் கழுவ டீசல் ஊறுற டேங்க இன்னைக்குத்தான் பாக்குறேன். இது டேங்க் இல்ல, கிணறு. இதுல நான் தீ வைக்க மாட்டேன்."

ஆனால் நல்ல மனுஷன். போகும்போது பையிலிருந்து ஓட்டை அடைக்கும் இரும்புப் பசையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். தீயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இதைப் பிசைந்து அப்பி வெயிலில் காயவிடுங்கள் என்றார். டிரைவர் அப்படியே செய்தார். பசை காய்கிறவரைக்கும் டேங்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பயில்வானை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்.

பசை கல்லாக இறுகியது. பங்கிலிருந்து கேனில் புது டீசல் வந்தது. டேங்கை ஏற்றி, வடிகட்டியை மாற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, பேட்டரியை இணைத்து, டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தடவை கனைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். மாமனார் வீட்டு எதிர்மாடி மெல்ல மெல்லத் தூரப் போவது போலிருந்தது.

பெரியவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால், அவர் எழுதச் சொல்வதை எழுதுவதற்கு ஒரு உதவியாளர். பெரியவர் வண்டியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. இந்த வயசில் இவ்வளவு சீராக ஓடும் வண்டியை நான் பார்த்ததில்லை, டேங்கைக்கூடக் கழற்றிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறீர்களே, இப்படி ஒரு நிலையத்தை யார் மூடச் சொன்னது என்று கேட்டார். உதவியாளர் எழுதிக்கொண்டார். நிலைய அதிகாரி டிரைவரைப் பார்த்தார். இருவரும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

நெருப்பை அணைத்துக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி. முற்றத்தின் நடுவில் பழைய மரப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் போதுமா என்று நிலைய அதிகாரி காதோடு கேட்டார். டிரைவர் தொட்டியின் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். இவ்வளவு கழுவலுக்கும் பிறகு அடியில் ஒரு சாண் நின்றது. லேசாக மஞ்சளாகத் தெரிந்தது, கண்ணாடி பழசு. பெட்டிகளை அணைக்க இதுவே ஏராளம் என்றார்.

பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். காய்ந்த மரம், குபீரென்று பிடித்துக்கொண்டது. பெரியவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போடச் சொன்னார். பயில்வான் குழாய் முனையை இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி, தீக்கு நேராக நின்றார். டிரைவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பம்பை ஓடவிட்டார். பெரியவர் கையை இறக்கினால் வால்வைத் திறக்க வேண்டும். பெரியவர் கையை உயர்த்தினார்.

அப்போதுதான் மாற்று டிரைவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, படிய வாரியிருந்தார். போனைத் திறந்ததும் இத்தனை அழைப்பைப் பார்த்துப் பதறி நேரில் வந்துவிட்டதாகச் சொல்லி, என்ன விஷயம் என்று டிரைவரிடம் மெதுவாகக் கேட்டார். டிரைவர் கையை வால்விலும் கண்ணைப் பெரியவர் மீதும் வைத்துக்கொண்டே, டீசல்காரன் பேரல் நிறையத் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றிய கதையைச் சுருக்கமாகச் சொன்னார்.

மாற்று டிரைவருக்கு அது கொஞ்சமும் பிடிபடவில்லை.

"அது நல்ல டீசல்தான அண்ணே? எங்க வண்டில மாதிரியே ஏணி போட்டு ஏறி, மேல இருக்குற பெரிய மூடியத் திறந்து, ஒரு சொட்டு சிந்தாம பேரல் பூரா நான்தான ஊத்தினேன்."