சம்பந்திக்கு நாடிக்கட்டுக் கட்டிய கதை

சம்பந்தியை முதன்முதலில் சந்திக்கப் போகிறவர்கள் பழம் கொண்டுபோவார்கள், பலகாரம் கொண்டுபோவார்கள். நான் வெறுங்கையோடு போய், அந்த மனிதருக்கு நாடிக்கட்டுக் கட்டிவிட்டு வந்தேன். (வாய் பிளந்துவிடாமல் செத்தவருக்கு நாடியிலிருந்து உச்சிவரை துணி சுற்றிக் கட்டுவோமே, அதேதான்.) உலகத்தில் இப்படி ஒரு மடையன் இருந்திருக்கிறானா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

என் மகள் அபி, மார்க் என்ற கியூபெக் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். நல்ல பெடியன். தாய் இல்லை, தகப்பன் இவோன் மட்டும்தான். அந்த இவோன் ஒரு பழைய சண்டைப் பைத்தியம். அமெரிக்கர் பிரிட்டனிடம் விடுதலை கேட்டு அடிபட்ட காலத்தில், மொன்றியலில் இருந்து பிரிட்டிஷ் ஆளுநர் படகுகளில் படை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தாராம். இக்கரையில், லோங்கேயில், பதுங்கியிருந்த கிளர்ச்சிக்காரர் சுட, வந்த வழியே திரும்பினாராம். அதைக் கரையிலேயே வருசா வருசம் ஒரு கூட்டம் நடித்துக் காட்டும். ஆளுநர் பக்கம் வந்து சுடுபட்டுச் சாகிற உள்ளூர்க்காரன் வேசம் எப்போதும் இவோனுக்கு.

“நீங்களும் வந்து நடிக்க வேணுமாம், அப்பா. அவராக் கூப்பிட்டிருக்கிறார்” என்றாள் அபி.

“எனக்குப் பிரெஞ்சு வராதே, பிள்ளை.”

“செத்த ஆளுக்கு என்னத்துக்குப் பிரெஞ்சு? பேசாமக் கிடந்தாக் காணும். மார்க்குக்கு அவர்தான் எல்லாம். அவருக்கு உங்களைப் பிடிக்காட்டி எனக்குக் கஷ்டமப்பா.”

அடுப்படியிலிருந்து என் மனைவி ராணி குரல் கொடுத்தாள். “அதெல்லாம் அப்பா வடிவாச் செய்வார். ஒவ்வொரு ஞாயிறும் சோபாவில ஒத்திகை பாக்கிறவர்தானே.”

ஒக்டோபர் கடைசி. நாங்கள் இருக்கிற புரோசார்டிலிருந்து காரில் கொஞ்ச நேர ஓட்டம்தான். ஆனால் போய் இறங்கியபோது வேறு எங்கோ வந்துவிட்டதுபோல் இருந்தது. ஆற்றின் மேல் பனிப்புகார் அப்படி மூடிக்கிடந்தது. அக்கரையில் மொன்றியல் என்ற ஒரு பட்டினம் இருப்பதாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. கயிற்றுக்கு அப்பால் பார்க்க வந்து நின்ற சனமும் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. எனக்குக் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியும் இடுப்புப் பட்டியும் தந்தார்கள். ஈரநாய் மணந்தது. இவோன் என் தோளில் தட்டி, எப்படி விழ வேண்டும் என்று விழுந்து காட்டினார். நான் பல்லைக் காட்டினேன். அதுதான் எங்கள் முதற் சம்பாசணை.

புகாருக்குள்ளிருந்து படகுகள் சத்தமில்லாமல் வந்தன. வந்ததும் வெடி வெடித்தது. வெறும் மருந்துதான், குண்டில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் தலைக்கு அது விளங்கியது, உடம்புக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் படுத்துப் பழகிய உடம்பு. காதைப் பொத்தி, வாயைத் திறந்து, குப்புற விழுந்தேன். பக்கத்தில் நின்ற சிவப்புக் கோட்டுக்காரனின் காலையும் பிடித்து இழுத்து, “படடா! விழுந்து படு!” என்று கத்தினேன். சாகவேண்டியில்லாத அந்தப் பிரிட்டிஷ்காரன் தொப்பென்று சேற்றில் விழுந்தான். (சரித்திரம் அன்றைக்குக் கொஞ்சம் மாறியது.)

பிறகு வெடி நின்றது. எல்லாரும் மேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். புகையும் புகாரும் கலந்து ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்தினேன். இவோன் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, வாய் முழுதாய்த் திறந்திருந்தது. இமை ஆடவில்லை.

“மிஸ்யூ இவோன்?”

பதற்றத்தில், எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வணக்கமான “பொன்ஜூர்” என்றும் சொல்லிப் பார்த்தேன். மூக்கடியில் விரல் வைத்தேன். விறைத்துப்போன விரலுக்கு மூச்சு எப்படித் தெரியும்? நெற்றி ஐஸாய்க் குளிர்ந்தது. “ஓடி வாங்கோ! ஆள் முடிஞ்சுது!” என்று தமிழில் கூப்பாடு போட்டேன். புகாருக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

அதற்குப் பிறகு கைகள்தான் வேலை செய்தன, நான் அல்ல. எங்களூரில் அந்தக் காலத்தில் அப்படித்தான். அடுத்த ஷெல் விழுமுன், உடம்பு விறைக்குமுன் எல்லாம் முடிக்க வேண்டும். கண்ணை மூடிவிட்டேன். கழுத்துத் துணியை அவிழ்த்து நாடிக்கட்டுக் கட்டினேன், முடிச்சு முதல் தரமே சரியாக விழுந்தது. சப்பாத்தைக் கழற்றி, இடுப்புப் பட்டியால் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். “ஐயோ, என்ர பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுவன்!” என்று நெஞ்சிலடித்து அழத் தொடங்கினேன். மேட்டுப் பக்கம் ஊதுகுழல் ஊதியது.

பிணம் என் மணிக்கட்டைப் பிடித்தது.

நான் போட்ட சத்தம் அக்கரை மொன்றியலுக்கே கேட்டிருக்கும். எழும்பி ஓடினேன். பின்னால், நாடிக்கட்டோடு, கட்டிய காலோடு, “ம்ம்ம்! ம்ம்ம்!” என்று முனகிக்கொண்டு, அந்தப் பிரேதம் புகைக்குள்ளிருந்து துள்ளித் துள்ளி வந்தது. கயிற்றுக்கு அப்பால் பிள்ளைகள் வீரிட்டன. என் சம்பந்தி மூக்கடிபடச் சேற்றில் விழுந்தார்.

“அப்பா! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?” அபியின் முகம் வெளிறிப்போயிருந்தது. கலியாணம் இந்தச் சேற்றோடு சரி என்று நினைத்தேன். வெட்கத்தில் ஆற்றுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

கோப்பிக் கூடாரத்தில் இவோன் மூக்கில் பஞ்சோடு என்னெதிரில் அமர்ந்தார். அவர் கேட்க, அபி மொழிபெயர்த்தாள்.

“நடிப்பில ஊதுகுழல் ஊதுமட்டும் அசையப்படாதாம், அதுதான் பேசாமக் கிடந்தவராம். ஏன் கட்டினனீங்கள் எண்டு கேக்கிறார்.”

சொன்னேன். இருபது வயதில் பள்ளிக்கூட முற்றமொன்றில், ஷெல்லடியில் செத்த என் அண்ணைக்குக் கட்டப் பார்த்தேன். நாடிக்கட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் முடிச்சுப் போட வேண்டும். நான் தனியாள். துணி வழுக்கி வழுக்கி விழுந்தது. அடுத்த ஷெல் விழ, அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அண்ணையின் வாய் திறந்தபடியே இருந்தது. அபிக்கு இதை நான் அதுவரை சொன்னதில்லை. அவள் அழுது அழுது மொழிபெயர்த்தாள்.

இவோன் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தார். தன் மனைவி ஆசுப்பத்திரியில் செத்தபோது கையுறை போட்டவர்கள் வந்து கொண்டுபோனார்களாம், தான் தொடக்கூட இல்லையாம். பிறகு என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அபி திரும்ப ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

“தான் போற நாளும் நீங்கள்தான் கட்ட வேணுமாம். நல்ல இதமாக் கட்டினனீங்களாம். மற்ற ஆளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

“எந்த மற்ற ஆள்?”

“நீங்கள் முடிச்சுப் போடேக்க, தன்ர தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்த ஆளாம்.”

என் இரண்டு கையும் துணியில் இருந்தன. அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

கலியாணம் சிறப்பாக நடந்தது. இவோன் இன்றும் காலையில் போன் எடுத்து, அபி சொல்லிக்கொடுத்த தமிழில், “உயிரோட இருக்கிறன்” என்று சொல்லிவிட்டு வைப்பார். வீட்டில் கார்த் திறப்போ வாசல் சாவியோ காணாமற்போனால், “மற்ற ஆளைக் கேளுங்கோ” என்பாள் ராணி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அண்ணை எப்போதும் அப்படித்தான், ஆள் குறைகிற இடத்தில் கேளாமலே வந்து கைகொடுப்பார். சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, ராணி பார்க்காத நேரத்தில், பக்கத்தில் ஆளமராத கதிரையை மெல்ல இழுத்துவிடுகிறேன்.